பாக்கெட்டில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்

786
கள்ளக்குறிச்சி
20-10-2001

பாவாடைக்கு,

ஹயாத் பாஷா எழுதுவது. நான் இருக்கிறேன். உன் கைத் தையல் பிரித்தார்களா, ஜெயம்மாளும் வீட்டில் மற்றவர்களும் சுகமா என்று தெரிய வேண்டும்.

உன் அண்ணி ஜீனத்துக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா செவ்வாய்க்கிழமை ஓதி முடிந்தது. மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். "இன்னும் நாலு நாளு வூட்ல இருந்துட்டுப் போயேன்பா" என்று அம்மா சொன்னார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலையே துருகம் ரோடு ஜவுளிக்கடை. மொட்டைமாடிக்கு ஏறினேன். உன் கை மாட்டிய இரண்டாம் நம்பர் ஏசி பெட்டியில் ப்ளோயர் விசிறியின் பெல்ட்டை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். புது பெல்ட் போட்டேன். புல்லியைத் துடைத்தேன். ஓட்டிப் பார்த்தேன். கம்ப்ரஸர் பதினெட்டு ஆம்பியர் எடுக்கிறது. சரியான அளவு. கடைக்குள் இருபத்து நான்கு டிகிரி. பட்டுப்புடவைப் பக்கம் ஒரு பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

வாட்ச்மேன் சின்னக்கண்ணுவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புது ஆள் நிற்கிறார். கரண்ட் போர்டு ரூம் சாவி கேட்டால் ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி கேட்கிறார்.

மலையில் மழை ஜாஸ்தி என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். கையை ஈரத்தில் வைக்காதே. வலித்தால் தலையணை மேல் உயர்த்தி வை.

பதில் போடு.
ஹயாத் பாஷா


மாரியம்மன் துணை
கரியாலூர்
4-11-2001

ஹயாத் பாய்க்கு பாவாடை வணக்கம் வச்சி எழுதிக்கறது. இவரு சொல்றாரு, நான் ஜெயம்மா எழுதறேன். எழுத்துல தப்பு இருந்தா என்னுது, விஷயத்துல தப்பு இருந்தா அவருது.

தையலு பிரிச்சாச்சி. சோத்துக்கையில ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் போனது போனதுதான். மீதி மூணும் மடங்குது. கச்சிராயபாளையம் போயி கட்டு மாத்திக்கினு வரோம். அண்ணி மண்ணுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலியேன்னு தெனம் சொல்லிக்கினு இருக்காரு. ஏழாம் மாசத்துல ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்னு உங்க மொதலாளி ஜப்பார் பாய் ஆள்கிட்ட சொல்லியனுப்பினாரு. ஒரே நாள்ல ரெண்டு வூட்லயும் இடி வுழுந்துச்சி. ஆறுதல் சொல்ல எங்களுக்கு வாய் வரல. வேளைக்கு சாப்புடுங்க.

இனிமே எழுதறது நானே. எழுதாதேன்னு இவரு கண்ணால சொல்றாரு.

அண்ணிக்கு முடியலன்னு ஆள் வந்ததும் நீங்க எறங்கிப் போயிட்டீங்க. இவரு மேல பெல்ட்டுல கைய வச்சிக்கினு இருந்தாரு. கீழ பீஸ் கட்டய மாட்டி கரண்டு வுட்டது யாரு? அங்க காவல் இருந்தது அந்தக் கெழவன் ஒருத்தன்தான். அவன்தான் போட்டான்னு எங்க மச்சான் வீரமுத்து கள்ளக்குறிச்சி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு.

எனக்கு ஒரு சந்தேகம் பாய். "மேல ஏர்றதுக்கு முன்னாடி மூணு கட்டயயும் புடுங்கி பாக்கெட்டுல போட்டுக்குவோம், கீழேர்ந்து எவனும் கரண்டு வுட முடியாது, நீ பயப்படாத"ன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு எனக்கு தைரியம் சொல்லுவாரு. அப்போ கெழவன் எந்தக் கட்டய மாட்டினான்? ஷெல்புல வேற ஒரு செட்டு இருக்குமாமே, அதுவா? இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க.

தேன் ஒரு பாட்டிலு கண்டக்டர்கிட்ட குடுத்து வுட்டுருக்கோம். கேட்டு வாங்கிக்குங்க.

பாவாடை சார்பா,
ஜெயம்மாள்


786
கள்ளக்குறிச்சி
25-11-2001

பாவாடைக்கும் தங்கச்சி ஜெயம்மாளுக்கும்,

கட்டு மாற்றும் அளவுக்குத் தேறியது அறிந்தேன். தேன் வந்தது. நோன்பு திறக்கும்போது அம்மா தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். எனக்குப் பசி தெரியவில்லை, அதனால் நோன்பு சிரமமாக இல்லை.

மழையில் நாம் பார்க்கும் மூன்று மாடிகளிலும் ஏசித் தண்ணீர் வெளியேறும் பைப் அடைத்துக்கொண்டது. பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை நாற்காலிக்கு நேர் மேலே சொட்டியது. "மழை வந்தா சுபம்தான்" என்று சொல்லி யாரோ சமாளித்தார்களாம். பைப்புக்குள் புறாக்கூடு இருந்தது. எடுத்துவிட்டேன். ஃபில்டர்களைக் கழற்றிக் கழுவினேன். காயில்களை சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். நீ இருந்தால் இரண்டு நாள் வேலை. தனியாக நான்கு நாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது ஜப்பார் பாய் என்னை நம் ஏசி சர்வீஸ் கடைக்குள் கூப்பிட்டார்.

"ஸ்டேஷன் ரைட்டர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாருப்பா. ஸ்பாட்டுல வேலை செஞ்ச ஆளு நீ. நான் எறங்கினப்புறம் வாட்ச்மேன் கட்டய மாட்டினான்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போடு. அவ்ளோதான்."

"நான் பாக்கலயே பாய்."

"யாருதான் பாத்தா? அப்ப இன்னா, கட்ட தானா நடந்து போயி மாட்டிக்கிச்சா?"

நோன்பு முடியட்டும் என்றேன். அவர் தலையாட்டினார். உன் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை, அதையும் எழுதச் சொன்னார்.

குளிர் ஆரம்பிக்கிறது. தழும்பு இழுக்கும். விளக்கெண்ணெய் தடவு.

ஹயாத் பாஷா


(இது இன்லண்ட் லெட்டர். ஒட்டவில்லை, தபாலில் சேரவில்லை.)

786
கள்ளக்குறிச்சி
27-11-2001

பாவாடை,

ஜெயம்மாள் கேட்டதற்குப் பதில்.

ஷெல்ஃபில் இருக்கும் செட் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி, பல்லி முட்டை. யாரும் தொடவில்லை. போர்டில் மாட்டியிருக்கும் மூன்றும் நம்முடையவை. மூன்றிலும் சிவப்புப் பொட்டு இருக்கிறது. "கடைக்குக் கடை கட்ட மாறிப் போவுதுன்னு பொலம்பறீங்களே, இந்தாங்க, பொட்டு வச்சாச்சி" என்று ஜீனத் தன் நகப்பாலிஷால் வைத்துக் கொடுத்தது.

அன்று சின்னக்கண்ணு கீழேயிருந்து கூப்பிட்டார். "பாய், வூட்லேர்ந்து ஆள் வந்துக்குது, ஒடனே எறங்குங்க." இறங்கினேன். படிக்கட்டு நினைவில் இருக்கிறது. போர்டு ரூம் நினைவில் இல்லை. வேலை முடிந்து இறங்கினால் கட்டையை மாட்டிவிட்டுத்தான் வெளியே போவேன். ஏழு வருஷப் பழக்கம். அன்று வேலை முடியவில்லை. நீ மேலே இருந்தாய். கைக்கு அது தெரியவில்லை.

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக ஓடும்படி ஒயர் போட்டுக் கொடுத்ததும் நான்தான். கடைக்காரர் கேட்டார் என்று.

அடக்கம் முடிந்து வந்தபோது அம்மா என் பேண்ட்டைத் துவைக்க வாங்கினார்கள். பாக்கெட்டைத் தடவி, "ஒண்ணும் இல்லப்பா" என்றார்கள். மூன்று பீங்கான் கட்டை இருந்திருக்க வேண்டும். அப்போது தெரிந்துகொண்டேன். உன் விரல் போன செய்தி அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

நம் முறைப்படி மேலே ஏறுகிற ஒவ்வொருவரிடமும் கட்டை இருக்க வேண்டும். எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று. இரண்டை மாட்டியதும் என் கை நின்றிருக்கும். மூன்றாவது இல்லாமல் ப்ளோயர் சுற்றாது. அன்று உன்னுடையதை ஏன் என்னிடம் கொடுத்தாய்?

எழுதும்போதே தெரிகிறது, பழியில் பாதியை உன் பக்கம் தள்ளப் பார்க்கிறேன்.

இதை நாளை


மாரியம்மன் துணை
கரியாலூர்
16-12-2001

ஹயாத் பாய்க்கு,

நாளைக்கி உங்களுக்கு பெருநாளுன்னு கண்டக்டர் சொன்னாரு. அண்ணி இல்லாத மொத பெருநாளு. அம்மாவ பாத்துக்குங்க. இங்க சாமை அறுத்து முடிஞ்சிது, மரவள்ளி புடுங்கணும். இவரு எடது கையால புடுங்கறேன்னு போயி செடிய வுட்டுட்டு இவரு வுழுந்தாரு. சிரிச்சோம். ரொம்ப நாளு கழிச்சி.

பாய், நாலு பக்கம் எழுதியிருந்தீங்க. மாப்ள தலையில தண்ணி சொட்டினது, பொறாக்கூடு, சோப்புத் தண்ணி எல்லாம் இருந்துச்சி. நான் கேட்டது ஒரு வரி. அது இல்ல.

வீரமுத்து மச்சான் போன வாரம் ரெண்டு ஆளக் கூட்டிக்கினு களமருதூர் போயி கெழவன் வூட்டு வாசல்ல நின்னு கத்திட்டு வந்துட்டாரு. கெழவன் எதுத்துப் பேசலியாம். "என் கை அந்தப் பொட்டியத் தொடல. வேற எதுவும் என்னக் கேக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னானாம். கேக்காதீங்கன்னா இன்னா அர்த்தம் பாய்? தெரியும், சொல்ல மாட்டேன்னு தான? யாருக்காவ மூடி வக்கிறான்?

இத இவருக்கும் படிச்சிக் காட்டினேன். எழுந்து வெளிய போயிட்டாரு.

ஜெயம்மாள்


786
கள்ளக்குறிச்சி
13-1-2002

பாவாடைக்கும் ஜெயம்மாளுக்கும்,

நாளை பொங்கல். உங்கள் வீட்டில் பால் நன்றாகப் பொங்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை களமருதூர் போனேன். சின்னக்கண்ணு நெல் களத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தூற்றுவதை நிறுத்தினார்.

"வாங்க பாய். ஏசிக்காரருக்கு இங்க இன்னா வேலை? எங்க களத்துல காத்து தானா வரும், மெக்கானிக்கு தேவையில்ல."

ஸ்டேஷனில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"தொடலன்னேன்."

"வேற?"

"வேற இன்னா இருக்குது? நான் வாசல்ல உங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கினு நின்னேன். நீங்க வந்தீங்க. போனீங்க. வூட்ல சாவு வுழுந்த மனுஷன். உங்களப் பத்தி நான் இன்னா பேசறது?"

மோர் கொடுத்தார்கள். கொண்டு வந்தது அவர் மகள் கண்ணகி. தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாக இருந்ததாம். "கேஸ் முடியட்டும்னு சொல்லிட்டாங்க மாப்ள வூட்ல. அப்படின்னா இனிமே வரமாட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் சின்னக்கண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. நெல்லில் கல் பொறுக்குவதுபோலச் சொன்னார்.

பேசிய நேரமெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பேண்ட் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உளுந்தூர்பேட்டை வந்து பஸ் பிடித்தேன். மறுநாள் ஜவுளிக்கடை ஏசியில் கேஸ் பிரஷர் பார்த்தேன். கொஞ்சம் கம்மி. ஏற்றிவிட்டேன்.

ஹயாத் பாஷா


கரியாலூர்
3-2-2002

பாய்

இது நான் பாவாடை. எடது கையி. ஜெயாவுக்கு தெரியாது. அவ தண்ணிக்கு போய்க்கிறா.

நல்லா இருக்கீங்களா.

ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வெய்யிலு. சட்டைய கழட்டி வச்சிட்டேன். பனியனுக்கு பாக்கெட்டு இல்ல. என் கட்டய நீங்களே வச்சிக்குங்க பாய்னு உங்ககிட்ட குடுத்தேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான்தான் உங்க பாக்கெட்டுல போட்டேன்.

முறைய மீறினது நானு. அத ஸ்டேஷன்ல சொல்லல. வீரமுத்து அண்ணன்கிட்ட சொல்லல. வாட்ச்மேன் தாத்தா பேருல கேஸு போனப்பவும் சொல்லல. சொன்னா இவன் தப்புதான்னு எழுதிடுவாங்க. அப்பறம் வேலைக்கி யாரு கூப்புடுவா.

தூக்கம் வரல பாய். நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க.

பாவாடை


மாரியம்மன் துணை
கரியாலூர்
10-3-2002

ஹயாத் பாய்க்கு,

ரெண்டு மாசம் ஆவப் போவுது, உங்ககிட்டேர்ந்து தபாலு இல்ல. ஒடம்பு சரியில்லியா? கண்டக்டர கேட்டா, "தெனம் மாடி மேல தெரியறாரு, நல்லாதான் கீறாரு"ன்னு சொல்றாரு.

இங்க இவருதான் நல்லா இல்ல. சோத்த பெசஞ்சி வச்சிட்டு எழுந்துடறாரு. இன்னான்னு கேட்டா கையி வலின்றாரு. வலி எனக்குத் தெரியும், இது அது இல்ல.

இருபதாம் தேதி எல்லாரயும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்துட்டுப் போச்சி. அன்னிக்கு நீங்க எழுதிக் குடுக்கறத வச்சி கெழவன் பேருல கேஸ கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். மச்சான் சந்தோசமா இருக்காரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. கெழவன் பொண்ணுக்கு என் வயசாமே.

நவம்பர் மாசம் கேட்ட கேள்விய மறுபடி கேக்கல. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஜெயம்மாள்


786
கள்ளக்குறிச்சி
18-3-2002

பாவாடைக்கு,

தபாலில் போட்டால் பிந்தும். கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதோடு ஓர் இன்லண்ட் லெட்டர் இருக்கிறது. நவம்பர் 27-ஆம் தேதி போட்டது. அதை முதலில் படி. ஜெயம்மாளையும் படிக்கச் சொல். ஸ்டேஷனில் என் வாயால் கேட்பதற்கு முன் உங்கள் வீட்டில் படித்துவிட வேண்டும். பிறகு இதைப் படி.

நான்கு மாதம் அது என் டூல்ஸ் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்தது. உன் இடது கைக் கடிதத்தையும் அதன் மேலேயே வைத்தேன். நீ தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்கு வந்தது இரக்கம் இல்லை. பாதுகாப்பு முறையை மீறியது பாவாடைதான், அவன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறான், இது போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் உனக்குப் பதில் எழுத முடியவில்லை.

நேற்று ஜப்பார் பாயிடம் சொன்னேன். அவர் கடைக் கதவைச் சாத்தினார்.

"பைத்தியமாடா உனக்கு? பொண்டாட்டியும் புள்ளையும் போயி ஆறு மாசம் ஆவுது. ஜெயிலும் வேணுமா?"

"கட்டையில பொட்டு இருக்குது பாய். எங்களோடதுன்னு தெரிஞ்சிடும்."

"அழிச்சிட்டாப் போவுது. பெயிண்ட் தின்னர் இல்ல நம்மகிட்ட?"

இருந்தது. பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். மறைக்காமல் எழுதுகிறேன், பொட்டை அழிக்கத்தான் ஜவுளிக்கடைக்குப் போனேன். போர்டு ரூமைப் பூட்டிக்கொண்டு மூன்று கட்டையையும் பிடுங்கினேன். துணியை நனைத்தேன். அவள் நகப்பாலிஷும் இதே வாசனைதான். முதல் பொட்டின் ஓரத்தில் பிரஷ் வழுக்கி ஒரு வால் இருக்கிறது. வைக்கும்போது நான் என்னவோ சொல்லி அவள் சிரித்தாள், கை ஆடிவிட்டது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வால் மட்டும் இருக்கிறது.

வீட்டில் அவள் துணிமணிகளை அம்மா தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பாட்டிலும் போய்விட்டது. அவள் கையால் செய்து மிச்சம் இருப்பது இந்த மூன்று பொட்டுகள். அந்த அறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெளியே மேனேஜர், "ஏசி ஏன் நின்னுபோச்சி, கஸ்டமர் கத்தறாங்க" என்று கதவைத் தட்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன். செப்டம்பரிலிருந்து நேற்றுதான் முதல்முறை.

கட்டைகளை மறுபடி மாட்டவில்லை. ஷெல்ஃபில் இருந்த செட்டைத் துடைத்து மாட்டினேன். பொட்டு வைத்தவை என் பாக்கெட்டில் இருக்கின்றன. நாளை மறுநாள் ஸ்டேஷனில் மேஜை மேல் வைத்துவிட்டு, மாட்டியது நான் என்று எழுதிக் கொடுப்பேன். சட்டை, பனியன் விஷயத்தை நான் எழுதப் போவதில்லை. ஏழு வருஷம் பழகிய மெக்கானிக் வேண்டாம் என்று சொன்னால் போதாது, வாங்கியிருக்கக் கூடாது. உன் கடிதத்தை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்க வேண்டாம்.

சின்னக்கண்ணு நான் மாட்டிய சத்தத்தைக் கேட்டிருக்கிறார். எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். காலையில் களமருதூர் போய் அவரிடமும் கண்ணகியிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கையைப் பார்த்துக்கொள்.

ஹயாத் பாஷா


கரியாலூர்
14-4-2002

பாய்

நான் பாவாடை. இப்ப எடது கையி கொஞ்சம் பழகிடுச்சி. ஜெயா பக்கத்துலதான் இருக்கா. நீங்களும் அம்மாவும் சவுக்கியமா.

ஸ்டேஷன்ல உங்களப் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க. நீங்க கட்டய மேஜ மேல வச்சப்ப அண்ணன் உங்கள அடிக்க எழுந்தாரு. நான் அவரு வேட்டியப் புடிச்சிக்கினேன். சோத்துக்கையால. மூணு வெரலு, வுடல.

நீங்க சொன்னப்புறம் நானும் பனியன் விஷயத்த ரைட்டர்கிட்ட சொல்லிட்டேன். எழுதிக்கினாரு. "ரெண்டு பேரும் சேந்து எனக்கு பேப்பர் செலவு வைக்கறீங்க"ன்னாரு. உங்க ஜாமீனுக்கு ஜப்பார் பாய் திட்டிக்கினே கையெழுத்து போட்டாருன்னு கேள்விப்பட்டேன். கேஸு நடக்கட்டும். நான் சாட்சி சொல்றப்ப நடந்தத சொல்றேன். கூட கொறச்சி சொல்ல மாட்டேன்.

தாத்தாவ மறுபடி வேலைக்கி கூப்டாங்களாம். வரமாட்டேன்னுட்டாராம். மாப்ள வூட்லேர்ந்து இன்னும் யாரும் வரலியாம். அதுக்கு நாம இன்னா பண்றது பாய். தெரியல.

கோவம் இருக்குது. இல்லன்னு எழுத மாட்டேன். காலையில சட்ட பட்டன போடறப்ப தெனம் வருது. ஆனா மரவள்ளியில எனக்கு வேலை இல்ல. எனக்குத் தெரிஞ்சது மாடி.

வெய்யிலு வந்துடுச்சி. எல்லா பொட்டியும் சர்வீசுக்கு நிக்கும். அடுத்த திங்கக்கெழம வரேன். ஸ்பேனர் புடிக்க எடது கையி போதும். ஒரு கண்டிசன். இனிமே மூணு கட்டயும் என்கிட்ட இருக்கும். பெல்ட்டுல கைய நீங்க வைங்க.

பாவாடை

பாய்க்கு ஜெயம்மா எழுதறது. இவரு வேலைக்கி போவட்டும்னு நான் இன்னும் சொல்லல. கேட்ட கேள்விக்கு பதில் வர நாலு மாசம் ஆச்சி, அத நான் மறக்கல. இவரு காக்கிச் சட்டையில மட்டும் பெருசா ஒரு பாக்கெட்டு தச்சிருக்கேன். மூணு கட்ட கொள்ளும், அளந்து பாத்துட்டேன். மேல மூடி போட்டு பட்டன் வச்சிருக்கேன். வெய்யிலு எவ்ளோ அடிச்சாலும் அந்தச் சட்டைய கழட்ட வுடாதீங்க.